மூட்டைக்கு ஒன்று, மூஞ்சிக்கு ஒன்று

தாம்பூலத் தட்டில் வெற்றிலை பாக்கு வாழைப்பழத்துக்குப் பக்கத்தில் பாக்ஸிங் கிளவுஸையும் வைத்து மாப்பிள்ளைக்கு நீட்டுகிற ஊர் எங்கள் செஞ்சியைத் தவிர வேறு எங்காவது இருந்தால் சொல்லுங்கள், போய்ப் பார்த்துவிட்டு வருகிறேன். அந்தத் தட்டை நான் இரண்டு முறை ஏந்தியிருக்கிறேன். முதல் முறை ஏந்தியபோது நான் பிளஸ் டூ முடித்த பொடியன். எதிரே நின்றவர் என் மாமா, அதாவது அக்காவைக் கட்டியவர். தட்டிலிருந்த கிளவுஸ்களை ஒவ்வொன்றாக எடுத்து, விரல் முட்டி வரும் இடத்தில் கட்டைவிரலை வைத்து அமுக்கிப் பார்த்தார், சந்தையில் கத்தரிக்காய் வாங்குகிறவர் மாதிரி. விரல் உள்ளே அமுங்கிய ஜோடியை ஒதுக்கினார். அமுங்காத ஒரு ஜோடி கிடைத்ததும் சிரித்தார். அந்தச் சிரிப்பை நான் இன்னும் மறக்கவில்லை. மறக்கிற உத்தேசமும் இல்லை.

வெளியூர்க்காரர்களுக்காகக் கொஞ்சம் விளக்கிவிடுகிறேன். திருவண்ணாமலை ரோட்டில் ஒரு ரைஸ்மில்லுக்குப் பின்னால் தகரக் கொட்டகை போட்டு எங்கள் ஊர்ப் பையன்கள் ஒரு பாக்ஸிங் கிளப் நடத்தினார்கள். மாமா அதற்குச் செக்ரட்டரி. காணும் பொங்கலன்று சுற்றுவட்டாரமே கட்டுச்சோற்றோடு கோட்டைக்கு வரும். ராஜகிரி மலையில் ஏறிக் களைத்து இறங்குகிற கூட்டத்துக்காக, கோட்டை மதிலுக்கு வெளியே உள்ள திடலில் சவுக்குக் கம்பு நட்டு, கயிறு கட்டி, கிளப் குத்துச்சண்டை நடத்தும். கடைசி ஐட்டம்தான் ஊர் எதிர்பார்ப்பது: மாமன் மச்சான் குத்து. பெண் கொடுத்த வீட்டுப் பையனும் பெண் எடுத்த மாப்பிள்ளையும் மூன்று ரவுண்டு மோத வேண்டும். வேடிக்கைக்குத்தான். இலையில் முதல் சோறு மாப்பிள்ளைக்கு, வீட்டில் இருக்கிற ஒரே நாற்காலி மாப்பிள்ளைக்கு என்றிருக்கும்போது கிளவுஸில் மட்டும் மரியாதை குறையலாமா? எனவே மச்சான் தட்டேந்தி வருவான், மாப்பிள்ளை முதலில் எடுப்பார், மிச்சத்தில் ஒன்று மச்சானுக்கு.

இதில் எங்கள் ஊருக்கே உரிய ஒரு முட்டாள்தனமும் இருந்தது. பெரிய கிளவுஸ் போட்டால் அடி பெரிதாக விழும் என்று எல்லோரும் நம்பினோம். பெரிய உலக்கை நன்றாகக் குத்துமே, அந்தக் கணக்கு. தலையணை மாதிரி உப்பிய ஜோடிக்காகப் பையன்களுக்குள் சட்டை கிழியும். மாமா மட்டும் எப்போதும் இருப்பதிலேயே ஒல்லியான, கறுத்த, தோல் இறுகிய ஜோடியை எடுப்பார். கூட்டம் சொக்கிப் போகும். "பாரு, செக்ரட்டரி இன்னா அடக்கமா சின்னதா எடுத்துக்கினாரு" என்று பெரியவர்கள் எங்களுக்கு அவரை உதாரணம் காட்டுவார்கள். மாமா அப்போது தலையைக் குனிந்துகொள்வார். அவ்வளவு பணிவு.

அந்தப் பொங்கலுக்கு நான் பெரிய ஆள். ஏர்ஃபோர்ஸ் எழுத்துத் தேர்வில் பாஸாகி, தாம்பரத்தில் மெடிக்கலுக்கு வரச் சொல்லியிருந்தார்கள். நைனாவுக்குக் கால் தரையில் படவில்லை. மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, மூட்டை எடை போடுகிற இடத்தில்கூட, "எங்க ஊட்டுல ஒருத்தன் ஏரோப்ளேன்ல போவப்போறான்" என்று சொல்லிக்கொண்டிருந்தார். ஒருநாள் சாப்பாட்டின்போது மாமாவையும் வைத்துக்கொண்டு சொன்னார். மாமா அதே வேலைக்குப் போய், மார்பளவு போதாது என்று திருப்பி அனுப்பப்பட்டவர். அந்த விஷயம் நைனாவுக்கு அந்த நேரத்தில் ஞாபகம் வரவில்லை. மாமா ரசத்தை ஊற்றிக்கொண்டு, "போவட்டும் மாமா, போவட்டும். மெடிக்கல் இருக்குதில்ல" என்றார். நான் அதை ஆசீர்வாதம் என்று எடுத்துக்கொண்டேன்.

திடலில் அவர் ஒல்லி ஜோடியை எடுத்தார். எனக்குத் தலையணை கிடைத்தது. நான் பெருமையாக அதைத் தூக்கிக் கூட்டத்துக்குக் காட்டினேன். முதல் ரவுண்டு முழுக்க விளையாட்டுத்தான். "மச்சான், அக்காவுக்கு இன்னா சீர் கொண்டாந்த" என்று கேட்டபடியே லேசாகத் தட்டினார். கூட்டம் சிரித்தது. இரண்டாவது ரவுண்டில் அவர் சிரிப்பை நிறுத்தினார். என் கைகள் அந்தத் தலையணைப் பாரத்தில் இறங்க ஆரம்பித்திருந்தன. அதற்காகவே காத்திருந்த மாதிரி வலது கையைச் சுழற்றி என் இடது காதில் போட்டார். பஞ்சு வைத்த பொருள் பட்ட மாதிரி இல்லை. கருங்கல் ஜல்லியைத் துணியில் சுற்றி அடித்த மாதிரி இருந்தது. காதுக்குள் குக்கர் விசில் கிளம்பியது. அதே காதில் இன்னொன்று. விசில் நின்றது. அதற்குப் பிறகு அந்தப் பக்கம் கூட்டமே இல்லாதது போல் ஆகிவிட்டது.

காலையில் தலையணை உறையில் காய்ந்த ரத்தத்தை முதலில் பார்த்தது அக்கா. உறையைக் கழற்றிக்கொண்டு போனாள். மாமா சாத்துக்குடியோடு வந்து என் கட்டிலில் உட்கார்ந்து, "வெளாட்டுல இதெல்லாம் சகஜம் மச்சான்" என்றார். தாம்பரத்தில் டாக்டர் காதுக்குள் விளக்கடித்துப் பார்த்து, ஜவ்வு கிழிந்திருக்கிறது என்று சொல்லி, அடுத்தவனைக் கூப்பிட்டார். அவ்வளவு சுருக்கமாக என் ஏரோப்ளேன் கீழே இறங்கியது. நைனா, "உடுடா, வானத்துல பறக்கறதுக்கு நாம இன்னா கழுகா" என்றார். சொல்லிவிட்டு அன்று முழுவதும் கொல்லைப் பக்கமே இருந்தார். ஊரில் எப்படியோ வேறு ஒரு கதை பரவியது: நான் கிணற்றில் தலைகீழாகக் குதித்துக் காதைக் கெடுத்துக்கொண்டேனாம். கதையைக் கிளப்பியவர் மாமா. அக்காவையும் அப்படியே சொல்லச் சொன்னார். அவளும் சொன்னாள், தலையணை உறையைத் துவைத்த அதே கையைப் பிசைந்துகொண்டு.

எனக்கு அப்போதும் மாமா மேல் கோபமில்லை என்றால் நம்புவீர்களா? விளையாட்டு, விபத்து, விதி என்று மூன்று வார்த்தைகளை வைத்துக்கொண்டு சமாளித்தேன். பி.எஸ்ஸி. படிக்க மெட்ராஸ் போனேன். காலேஜில் பாக்ஸிங் டீம் இருந்தது. கெட்ட காது ஏற்கெனவே கெட்டுவிட்டதால் எனக்குப் பயமில்லை. பஞ்சை அடைத்துக்கொண்டு போய் நின்றேன். முதல் நாள், ஆளோடு ஆள் மோதிப் பழகும் ஸ்பாரிங்குக்கு, ஊர்ப் பழக்கத்தில் மாமா ஸ்டைலில், அமுக்கிப் பார்த்து ஒல்லியான ஒரு ஜோடியை எடுத்து மாட்டினேன். ராயபுரத்துப் பையன் ஒருவன் என்னைவிட ஒரு வருஷம் சீனியர். என் கையைப் பார்த்துவிட்டு ரிங்கிலிருந்தே இறங்கிவிட்டான்.

"இன்னாபா, மூட்டை கிளவுஸை மாட்டிக்கினு எவன் மூஞ்சில குத்தப் போற? கொலை கேசுல உள்ள போவணும்னு வேண்டுதலா?"

"எங்க ஊர்ல இத வச்சிதான் ஆடுவாங்க."

"உங்க ஊர்ல ஆளுங்க மிச்சம் இருக்காங்களா?"

எல்லோரும் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அன்று அவன் வேடிக்கையாகச் சொன்னவை ஒவ்வொன்றும் எனக்கு ஆணி அடித்த மாதிரி இறங்கின. மணல் மூட்டையைக் குத்துகிற கிளவுஸ் மெலிதாக இருக்கும். மூட்டைக்கு வலிக்காது, உன் முட்டி தோல் உரியாமல் இருந்தால் போதும். ஆளோடு ஆள் பழகும்போது போடுவது பதினாறு அவுன்ஸ். அந்தத் தடிமன் உனக்காக இல்லை, எதிரே நிற்கிறவனுக்காக. தேர்ந்தெடுக்கும்போது கையில் முதலில் பேண்டேஜ் சுற்றிக்கொள், வெறுங்கையில் போட்டுப் பார்த்து எடுத்தால் பிறகு இறுக்கிப் பிடித்து இரத்தம் ஓடாது. கட்டைவிரலால் முட்டிப் பக்கம் அமுக்கு. உன் சொந்த எலும்பு தட்டுப்பட்டால் அதைக் கீழே வை. பழைய கிளவுஸில் பஞ்சு மணிக்கட்டுப் பக்கம் ஓடிப் போயிருக்கும், வெளியே பார்க்கக் கொழுகொழு என்றிருக்கும், ஏமாறாதே. கயிற்று முடிச்சை உள்பக்கம் திருப்பி டேப் ஒட்டு, இல்லாவிட்டால் அடுத்தவன் கண்ணைக் கீறும். அன்று ஹாஸ்டலுக்குத் திரும்பி, மாமா கட்டைவிரலால் அமுக்கிய அந்தக் காட்சியை மனசுக்குள் மறுபடி ஓட்டினேன். இவர்கள் எதற்காக அமுக்குகிறார்களோ அதற்கு நேர் எதிர்க் காரியத்துக்கு அவர் அமுக்கியிருக்கிறார். எலும்பு தட்டுப்படுகிறதா என்று பார்த்து, தட்டுப்பட்டதை எடுத்திருக்கிறார்.

இருந்தாலும் ஒரு சந்தேகத்தின் பலனை அவருக்குக் கொடுத்தேன். ஊரில் எல்லோரும் முட்டாள்கள், அவரும் ஒரு முட்டாளாக இருக்கலாம் இல்லையா? அந்தச் சலுகையையும் அவரே கெடுத்துக்கொண்டார். தீபாவளிக்கு அக்கா வீட்டுக்குப் போயிருந்தேன். கொல்லையில் பைப்படியில் எண்ணெய் தேய்த்துக்கொண்டு நிற்கிறேன். கீற்றுத் தட்டிக்கு அந்தப் பக்கம் மாமாவும் அவர் தம்பியும். தம்பி பாலிடெக்னிக் படிக்கிறவர், வரும் பொங்கலுக்குப் புதிதாக ரிங்கில் ஏறப் போகிறவர். வலது காது எனக்கு நன்றாகவே கேட்கும்.

"டேய், கறுப்ப எடுக்காத. அது மூட்டைக்கு. இதான் மூஞ்சிக்கு," என்றார் மாமா.

"ரெண்டும் கிளவுஸுதானேண்ணா?"

"மாத்தி ஆடினீங்கன்னா எவன் காதாவது கீஞ்சிடும். மெட்ராஸ்ல வேலை பாக்கசொல்ல நானே பாத்திருக்கறேன். எதிர்ல எவனாச்சும் கறுப்போட வந்தான்னா நீ இறங்கிடு, இன்னா?"

சொந்தத் தம்பிக்கு மட்டும் எவ்வளவு தெளிவான பாடம். நான் தலையில் தண்ணீர் ஊற்றிக்கொண்டேன். எண்ணெயோடு சேர்ந்து விளையாட்டு, விபத்து, விதி மூன்றும் சாக்கடையில் போயின. புதுத் துணி கட்டிக்கொண்டு அவர் காலில் விழுந்து கும்பிட்டேன், முறைப்படி. "நல்லா இரு மச்சான்" என்றார்.

மாப்பிள்ளையை அடிக்க முடியாது. அது எங்கள் பக்கத்தில் பிறந்த எவனுக்கும் தெரியும். அவர் வந்தால் நாம் எழுந்து நிற்க வேண்டும், ஒரு வார்த்தை அதிகமாகப் பேசினால் மறுநாள் அக்கா பெட்டியோடு வாசலில் நிற்பாள். அந்தக் கயிறு கட்டிய சதுரத்துக்குள் மட்டும்தான் எனக்கு அனுமதி, அதுவும் வருஷத்தில் ஒரு சாயங்காலம். அடுத்த இரண்டு பொங்கலுக்கும் அவசரப்படவில்லை, பரீட்சை என்று சொல்லித் தப்பித்தேன். மூன்றாவது பொங்கலுக்காக உழைத்தேன். பதினாறு அவுன்ஸைக் கையில் மாட்டினால் முதல் ரவுண்டு முடிவதற்குள் தோள்பட்டை தண்ணீர்க் குடம் சுமந்த மாதிரி கனக்கும். அந்தக் கனத்தோடுதான் நான் மூட்டையையும் குத்தினேன், கயிறும் தாண்டினேன். லீவில் ஊருக்கு வந்தால் இரண்டு கையிலும் செங்கல்லோடு, முஷ்டியைத் தாடைக்கு உயர்த்தி வைத்தபடி ராஜகிரியில் ஏறுவேன். குரங்குகள்கூட வழி விட்டன. ஊர், பையன் தேகப்பயிற்சி பண்ணுகிறான் என்று மெச்சியது. அதில் ஒவ்வொரு படியும் மாமாவின் முகம்.

கடைசி வருஷம் பொங்கலுக்குக் காலேஜிலிருந்து இரண்டு ஜோடி சிவப்புப் பதினாறு அவுன்ஸைக் கடன் கேட்டு வாங்கிச் சாக்குப் பையில் கட்டிக்கொண்டு வந்தேன். திண்டிவனத்தில் பஸ் மாறும்போது கண்டக்டர் பையைத் தட்டிப் பார்த்து, "இன்னா தம்பி, பலாப்பழமா? உள்ள ஏறினா வாசன வருமே" என்றார். "பழுக்கல அண்ணே, ஊருக்குப் போயிதான் பழுக்கும்" என்றேன்.

திடலில் தட்டை நானே அடுக்கினேன். வெற்றிலை, பாக்கு, வாழைப்பழம். ஒரு பக்கம் கிளப்பின் கறுப்பு மூட்டைக் கிளவுஸ் இரண்டு ஜோடி. மறு பக்கம் சிவப்பு இரண்டு ஜோடி. மைக் வைத்திருந்த ரைஸ்மில் கணக்குப்பிள்ளையிடம் சொல்லி அறிவிக்க வைத்தேன்: இந்த வருஷம் மாமனும் மச்சானும் ஒரே மாதிரி போட்டுக்கொள்வார்கள், கறுப்பா சிவப்பா என்று மாப்பிள்ளையே சொல்வார். கூட்டம் கை தட்டியது. முறை தவறாத பையன் என்று யாரோ சொன்னது காதில் விழுந்தது. மாமா வழக்கம்போல் கறுப்பை நோக்கிக் கையை நீட்டினார். நான் தட்டோடு குனிந்து, மரியாதையாக, அவருக்கு மட்டும் கேட்கும்படி கேட்டேன்.

"மூட்டைக்கா, மூஞ்சிக்கா மாமா?"

கை நின்றுவிட்டது. என் முகத்தைப் பார்த்தார். பிறகு என் தோளைப் பார்த்தார். அது அவர் கடைசியாகப் பார்த்த தோள் இல்லை. கறுப்பை எடுத்தால் என் கையிலும் கறுப்பு ஏறும், அது என்ன செய்யும் என்பது அந்தத் திடலில் அவருக்கும் அவர் தம்பிக்கும் எனக்கும் மட்டும்தான் தெரியும். சிவப்பை எடுத்தால், இத்தனை வருஷம் சின்னதாக எடுத்த அடக்கம் எங்கே போயிற்று என்று ஊர் கேட்கும். வாழைப்பழத்தைத் தொட்டுவிட்டுக் கையை எடுத்துக்கொண்டார்.

"இந்தத் தடவ நீயே எடு மச்சான்," என்றார். இதுவரை எந்த மாப்பிள்ளையும் விட்டுக்கொடுக்காத உரிமை.

நான் சிவப்பை எடுத்தேன். ஒரு ஜோடியை அவருக்கு நீட்டினேன். அவர் அதை வாங்கி, கட்டைவிரலால் அமுக்கினார். விரல் உள்ளே போனது. கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது அவருக்கு. என் தலையில் கை வைத்து, "நல்லா இருப்படா நீ" என்றார். கணக்குப்பிள்ளை மைக்கில், "பெரிய மனசு, பெரிய மனசு" என்று உருகினார்.

மூன்று ரவுண்டு. முதல் ரவுண்டிலேயே அவருக்குக் கை இறங்கிவிட்டது. ஒல்லிக் கிளவுஸிலேயே ஆடிப் பழகியவர், பாரம் தாங்கவில்லை. நான் அவசரப்படவில்லை. விலா, வயிறு, தாடை, விலா. இடது காதுக்கு மட்டும் போகவில்லை. அதைக் கடைசி ரவுண்டுக்கு வைத்திருந்தேன். இரண்டாவது ரவுண்டில் அவர் முட்டி மடங்கி உட்காரப் பார்த்தார். விடுவேனா? பாய்ந்து கட்டிப் பிடித்து, அக்குளுக்குக் கீழே கை கொடுத்துத் தூக்கி நிறுத்தினேன். "மாமனை எப்படிக் கட்டிக்கிறான் பாரு" என்று பெண்கள் பக்கமிருந்து சிரிப்பு வந்தது. அவர் காதில், "இன்னும் ஒரு ரவுண்டு இருக்குது மாமா, நில்லுங்க" என்றேன். நின்றார். மூன்றாவது ரவுண்டில் இடது காதைக் கவனித்தேன். சொட்டு ரத்தம் இல்லை. ரத்தம் இல்லாததால் நிறுத்தவும் யாருக்கும் தோன்றவில்லை. மணி அடித்தபோது அவர் முகம் ஊறவைத்த அரிசி மாதிரி உப்பியிருந்தது. ஒரு கீறல் கிடையாது.

வீட்டில் அக்கா தவிட்டை வறுத்துத் துணியில் முடிந்து அவருக்கு ஒத்தடம் கொடுத்தாள். அவர் தூங்கிய பிறகு கொல்லைக்கு வந்து என் வலது பக்கமாக நின்றாள்.

"அவரு ரெண்டாவதுலயே உக்காந்திருப்பாரு. நீ தூக்கி நிக்க வச்ச."

நான் கையில் சுற்றியிருந்த பேண்டேஜைப் பிரிக்க ஆரம்பித்தேன்.

"பாத்துக்கினுதான் இருந்தேன்," என்றாள். திட்டுவாள் என்று நினைத்தேன். தவிட்டுத் துணியை உதறிவிட்டு, "சாப்டியா?" என்றாள்.

கதை அங்கே முடிந்திருந்தால் நான் நிம்மதியாக இருந்திருப்பேன். முடியவில்லை. மாமா ஒழுங்காக வெறுக்கக்கூட மாட்டேன் என்கிறார். பஸ் ஸ்டாண்டு டீக்கடையில், மில் வாசலில், எங்கே நாலு பேர் கூடினாலும் ஆரம்பித்துவிடுகிறார்: "என் மச்சான் கறுப்ப எடுத்திருந்தா எனக்கு மூஞ்சி இருந்திருக்காது. சிவப்ப எடுத்தான் பாரு, அது மனசு." போன மாதம் மேல்மலையனூரில் அக்கா குழந்தைக்குக் காதுகுத்து. தாய்மாமன் மடி என்பதால் குழந்தை என் மடியில். ஆசாரி குழந்தையின் இடது காதை மஞ்சளால் தடவிக்கொண்டிருக்கும்போது, இந்த மனுஷர் சொந்தக்காரர்கள் அத்தனை பேருக்கும் நடுவில் நின்று, என்னுடைய கருணையைப் பற்றிப் பிரசங்கம் செய்கிறார். குழந்தை அலறியது. எனக்கும் அலற வேண்டும் போலிருந்தது. மூன்று வருஷம் செங்கல் தூக்கிச் சம்பாதித்த பழியை, அன்பு என்று பெயர் மாற்றித் தன் பையில் போட்டுக்கொண்டு போகிறார். அடிபட்டவரே அடியை ஒப்புக்கொள்ளாவிட்டால் அடித்தவன் எங்கே போவது?

அன்று திரும்பி வருகிற பஸ்ஸில் அக்காவிடம் சொன்னேன், இதை எழுதி அச்சில் போடப் போகிறேன் என்று. குழந்தையின் காதில் எண்ணெய் வைத்துக்கொண்டே யோசித்தாள்.

"கிணறு இல்லன்னும் எழுதுவியா?"

"அதையும் எழுதுவேன்."

"எழுது. அவரு சினிமாப் பக்கம் தவிர எதையும் படிக்க மாட்டாரு. நான் படிச்சிக் காட்டறேன்."

எனவே மாமா, அக்கா வாயால் கேட்டுக்கொள்ளுங்கள். நான் கிணற்றில் குதிக்கவில்லை. கறுப்பைப் போட்டிருந்தால் அரை நிமிஷத்தில் நீங்கள் ரத்தத்தோடு விழுந்திருப்பீர்கள், ஆட்டத்தை நிறுத்தியிருப்பார்கள், ஊர் உங்களுக்குச் சாத்துக்குடி வாங்கிக்கொண்டு வந்திருக்கும். எனக்கு மூன்று ரவுண்டும் வேண்டியிருந்தது. நீங்கள் சீக்கிரம் விழுந்துவிடக் கூடாது என்றுதான் சிவப்பை எடுத்தேன்.

அக்கா, இந்த இடத்தில் நிறுத்தி அவர் முகத்தைப் பார். என்ன சொல்கிறார் என்று கேட்டுக்கொண்டு வந்து, என் வலது பக்கம் உட்கார்ந்து சொல். ஒரு வார்த்தை விட்டுப் போகக் கூடாது.